பாளையங்கோட்டைக் காளான் கடை: பொட்டலத்தில் இருப்பதும் ஒட்டுத்தாளில் எழுதியிருப்பதும்

பாளையங்கோட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு கடையில் காளான் மட்டுமே விற்கிறார்கள். தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றில் கூரைக் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கும் கணவனும் மனைவியும் நடத்தும் கடை அது. விடியுமுன் பறித்தவை காலை 7 மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிடுகின்றன. 11 மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் காளான் பொடி டப்பாக்கள்தாம் மிஞ்சியிருக்கும். 200 கிராம் சிப்பிக்காளான் 50 ரூபாய், அதே எடைப் பால்காளான் 60 ரூபாய், 100 கிராம் பொடி 250 ரூபாய். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடியிருக்கிறது என்று சொல்லி, மாத்திரையும் எழுதிக்கொடுத்து, ஆட்டுக்கறியையும் தேங்காயையும் குறைக்கும்படி மருத்துவர் அறிவுறுத்திய பிறகு இந்தக் கடைக்கு வாடிக்கையானோம். ஆகவே இந்த மதிப்புரை, காளான் சுவையாக இருக்கிறதா என்பதோடு, இதயத்துக்கு நல்லது என்ற பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது.

முதலில் சரக்கைப் பற்றி. சிப்பிக்காளான் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் குடையின் விளிம்பு. நல்ல சரக்கில் விளிம்பு சற்றே உள்நோக்கிச் சுருண்டு, அடிப்புறத்துச் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறிபோல் விரிந்து, தொட்டால் ஈரப்பசை இல்லாமல் இருக்கும். விளிம்பு தட்டையாகி மேல்நோக்கிப் பிளந்திருந்தால் பறிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் பூத்திருந்தாலோ, பொட்டலத்தைப் பிரித்ததும் புளித்த வாடை வந்தாலோ அதைச் சமைக்கவே கூடாது. இந்தக் கடைச் சரக்கில் காலை வேளையில் அப்படி எதையும் நான் காணவில்லை. பொட்டலத்தில் காற்றுப் போக ஊசித்துளைகள் போட்டிருக்கிறார்கள், தண்டின் அடிக்கட்டையை வெட்டி நீக்கியே எடை போடுகிறார்கள். கடைக்கார அம்மாளிடம் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டபோது, “கழுவி வச்சிராதிய அண்ணாச்சி, ஆக்கப் போறப்ப ஒரு அலசு அலசுனா போதும்; தண்ணி குடிச்சிட்டா சவசவன்னு போயிரும்” என்றார். அவர் சொன்னபடி, காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. அதற்கு மேல் வைத்திருப்பதில் பயனில்லை.

வளர்ப்பு முறையையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இதயத்துக்கென்று வாங்குகிற பொருள் எதில் முளைத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கார், பிசானம் என்ற இரண்டு நெல் அறுவடையிலும் கிடைக்கும் புது வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலித்தீன் பைக்குள் வைக்கோல் ஓர் அடுக்கும் காளான் விதை ஓர் அடுக்குமாக மாற்றி மாற்றி அடைத்துக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பதினைந்து இருபது நாளில் பை முழுவதும் வெள்ளை இழை படர்ந்துவிடும். அதன்பின் துளைகளின் வழியே மொட்டு விட்டு, மூன்று நான்கு நாளில் பறிப்புக்கு வரும். வைக்கோலை ஆவியில் வேகவைப்பதற்கு மாற்றாக, பூஞ்சைக்கொல்லியும் ஃபார்மலினும் கலந்த நீரில் ஊறவைக்கும் முறையும் நாட்டில் வழக்கத்தில் உண்டு. அது செலவும் விறகும் மிச்சப்படுத்தும் முறை. எந்த முறையில் செய்கிறீர்கள் என்று எந்தக் காளான் கடையில் வாங்கினாலும் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கடைக்காரர்கள் கேட்டவுடன் தயங்காமல் கொட்டகைக்கே வந்து பார்க்கச் சொன்னார்கள், அங்கே ஆவிக்கொப்பரை கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது.

இனி ஒட்டுத்தாளுக்கு வருவோம். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளில் ஓர் இதயப் படம் போட்டு, கொலஸ்டிராலைக் கரைக்கும், இதய அடைப்பை நீக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்தக் கடையின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். உணவுப் பொருள் எதுவும் ஒரு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் சொல்கின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்த வாசகத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக்கூடிய மனிதர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்பதே என் கவலை. அடைத்துக்கொண்ட இரத்தக்குழாயை எந்தக் காளானும் திறந்துவிடாது. நல்ல பொருளுக்குப் பொய்யான புகழ்ச்சி எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது, ஏனென்றால் உள்ளே இருக்கும் பொருள் உண்மையிலேயே நல்ல பொருள்.

சமைக்காத சிப்பிக்காளான் 100 கிராமில் ஏறத்தாழ 33 கலோரி, 3.3 கிராம் புரதம், அரை கிராமுக்கும் குறைவான கொழுப்பு, 2.3 கிராம் நார்ச்சத்து ஆகியவை இருக்கின்றன. கொலஸ்டிரால் அறவே கிடையாது. சோடியம் 18 மில்லிகிராம்தான், பொட்டாசியமோ 420 மில்லிகிராம். இரத்த அழுத்தக்காரர்கள் கவனிக்க வேண்டியவை கடைசி இரண்டு எண்கள். சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடிய உணவு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவரின் இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும் என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட செய்தி. ஆனால் காளானின் பேரைச் சொல்லிக் குழம்பில் இரண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டால் அந்தக் கணக்கு அப்போதே தலைகீழாகிவிடும்.

கொலஸ்டிரால் பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இன்று உலகெங்கும் கொலஸ்டிராலைக் குறைக்க எழுதித்தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூலக்கதையே பூஞ்சையில்தான் தொடங்குகிறது. உழவர் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலிருந்தே காளான்களின் மேல் ஆர்வம் கொண்டிருந்த ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ, 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாகத் தேவையான நொதியைத் தடுக்கும் பொருளை அரிசியில் பூத்த ஒரு பூசணத்திலிருந்து பிரித்தெடுத்தார். அந்த வழியில் வந்த லோவாஸ்டாட்டின் என்ற மருந்துக்கு 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் பூசணத்திலிருந்து எடுத்ததே. அதே லோவாஸ்டாட்டின் சிப்பிக்காளானிலும் இயல்பாகவே சிறிதளவு இருக்கிறது என்பதும் உண்மை. ஒட்டுத்தாள் எழுதியவர் இதைத்தான் எங்கோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மாத்திரையில் அந்தப் பொருள் மில்லிகிராம் கணக்கில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. காளானிலோ அதன் அளவு இனத்துக்கு இனம், வளர்ந்த வைக்கோலுக்கு வைக்கோல், பறித்த பருவத்துக்குப் பருவம் மாறும். அளவு தெரியாத ஒன்றை மருந்துக்குப் பதிலாகக் கொள்ள முடியாது. மருத்துவர் எழுதிய மாத்திரையை விழுங்கிவிட்டுக் காளான் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவதே முறை.

காளானின் நார்ச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீட்டா குளுக்கன், கைட்டின் என்ற இரண்டும் காளானின் செல் சுவரில் உள்ள பொருள்கள். நம் குடல் அவற்றைச் செரிப்பதில்லை. இப்படிப்பட்ட நார், குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும்போது, இழந்த பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸ், வாற்கோதுமை ஆகியவற்றின் பீட்டா குளுக்கன் நாளொன்றுக்கு 3 கிராம் என்ற அளவில் இந்த வேலையைச் செய்வது மனிதர்களிடம் நன்றாகவே மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. காளானின் பீட்டா குளுக்கன் வேறு அமைப்புடையது. அதைப் பற்றிய சோதனைகளில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்தவை, மனிதர்களிடம் நடந்தவை சிறியவை. எனவே ஓட்ஸுக்குக் கிடைத்த சான்றிதழைக் காளானின் கழுத்தில் மாட்டிவிடக் கூடாது.

எர்கோதையோனின் என்ற பொருளையும் இங்கே குறிப்பிட வேண்டும். செல்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் இதை நம் உடல் தானாக உண்டாக்காது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். உணவுகளில் காளானே அதன் முதன்மையான ஊற்று. வெள்ளை மொட்டுக்காளானைக் காட்டிலும் சிப்பிக்காளானில் அது கூடுதல். சுவீடன் நாட்டு மால்மோ நகரில் 3,236 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வு, இரத்தத்தில் எர்கோதையோனின் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. அதேசமயம், அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில், காளான் உண்பதற்கும் இதய நோய்க்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. முதலாவதை மட்டும் எடுத்துக்காட்டி இரண்டாவதை மறைத்துப் பேசுகிற வாட்ஸாப் செய்திகளை நான் நம்புவதில்லை.

அப்படியானால் இதயம் கெட்டவர் வீட்டில் இந்தப் பொட்டலத்துக்கு என்ன வேலை? என் கணிப்பில், காளான் தட்டுக்குள் கொண்டுவருவதைவிடத் தட்டிலிருந்து எதை வெளியேற்றுகிறது என்பதே முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். கறியை அடியோடு நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கொத்துக்கறியில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொடியாக நறுக்கி வதக்கிய காளானைச் சேர்த்தால் மசாலாவில் வேறுபாடு எளிதில் புலப்படாது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்போ கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எங்கள் வீட்டில் இந்தப் பாதிக்குப் பாதிக் கொத்துக்கறி, கறிப்பிரியரான மைத்துனரிடமே தேறிவிட்டது. ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட இன்றைய விலையில் பணப்பைக்கும் இது தோதான மாற்றுதான்.

உப்பு விஷயத்திலும் காளான் கைகொடுக்கிறது. அதில் இயல்பாகவே உள்ள குளுட்டாமிக் அமிலம் நாவில் ஒரு நிறைவைத் தருவதால், வழக்கமாகப் போடும் உப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் குழம்பு சப்பென்று ஆவதில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கல்லிடைக்குறிச்சி அப்பளமும் தூத்துக்குடிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் ஒரே பந்தியில் அமரும் நம் சாப்பாட்டில் அந்த வரம்பு மத்தியானத்துக்குள்ளேயே முடிந்துபோகும்.

சமைக்கும் முறையில்தான் பலரும் நன்மையைத் தொலைக்கிறார்கள். காளான் எண்ணெயை உறிஞ்சும். முதலிலேயே எண்ணெய் ஊற்றினால் அத்தனையையும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, கையால் நீளவாக்கில் கிழித்த சிப்பிக்காளானை எண்ணெய் இல்லாமலே போட்டால், இரண்டு நிமிடத்தில் அதன் நீர் வெளிவந்து சலசலவென்று கொதிக்கும். அந்த நீர் வற்றி, சத்தம் அடங்கி, ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கும் வேளையில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகும் சீரகமும் சேர்த்து இறக்கினால் போதும். கடைக்கார அம்மாள் பரிந்துரைத்த காளான் சொதியையும், அதாவது தேங்காய்ப்பால் குழம்பையும், செய்து பார்த்தோம். சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், முதல் பாலும் இரண்டாம் பாலும் பிழிந்து ஊற்றிச் செய்யும் மாப்பிள்ளைச் சொதியில் காளானைப் போட்டுவிட்டு அதை இதயத்துக்கான உணவு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றாடத்துக்கு, பாசிப்பருப்பைக் கூடுதலாகக் குழையவிட்டு, மூன்றாம் பாலை மட்டும் விட்டுச் செய்ததே எங்களுக்குப் பொருந்தியது.

மாலை நேரத் தள்ளுவண்டிகளில் காளான் என்ற பெயரில் தட்டு நிறையத் தருகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பெரும்பகுதி முட்டைக்கோஸும் மைதாவும் கொதித்த எண்ணெயும்தான். ருசிக்காகச் சாப்பிடுங்கள், காளான் சாப்பிட்டதாகக் கணக்கில் எழுத வேண்டாம். இடி இடித்த மறுநாள் புற்றடியிலும் வயல் வரப்பிலும் பொறுக்கி வரும் காட்டுக்காளான் வேறு சங்கதி. அதில் நச்சுக்காளானைப் பிரித்தறியும் அனுபவம் சில மூத்தவர்களுக்கு மட்டுமே உண்டு, சந்தேகம் இருந்தால் தொடாமல் விடுவதே உயிருக்கு நல்லது.

பெரிய அங்காடிகளில் கிடைக்கும் வெள்ளை மொட்டுக்காளான் குளிர் வேண்டும் இனம் என்பதால், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளிலிருந்தோ குளிரூட்டிய பண்ணைகளிலிருந்தோ வருகிறது. இதயக் கணக்கில் அதுவும் மோசமில்லை. நாரில் சிப்பிக்காளானுக்கு இளையது, அவ்வளவுதான். பால்காளானோ நம் வெயிலுக்கென்றே பிறந்தது போன்றது. வங்காளத்தில் கண்டறியப்பட்டு 1974இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அந்த இனத்தை, வெப்பப் பகுதிகளில் வளர்ப்பதற்கேற்றபடி கொண்டுவந்ததில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ஏ.பி.கே. 2 என்ற ரகம் அங்கிருந்து வந்ததே. இந்தக் கடைப் பால்காளானின் தண்டு கட்டை விரலைவிடத் தடிமனாகவும் உறுதியாகவும் இருக்கிறது, வேகச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது, மென்று தின்னக் கறிபோல் இருக்கிறது. புளிக்குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான காளான் இல்லை.

பொடி டப்பாவை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். 250 ரூபாய்க்கு வாங்கும் 100 கிராம் பொடியில், தினம் காலையில் ஒரு கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடித்தால் இதயம் பலப்படும் என்று சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டிப் பொடி என்பது நாலைந்து கிராம் எடைக்கு மேல் வராது. அதில் எவ்வளவு நார், எவ்வளவு புரதம் வந்துவிடப் போகிறது? தட்டிலிருந்து கறியையோ உப்பையோ அது வெளியேற்றுவதும் இல்லை. டப்பாவின் மேல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை, பொடித்த தேதியும் இல்லை. அதே பணத்துக்கு ஒரு கிலோ புதுச் சிப்பிக்காளான் கிடைக்கும். ரசத்திலோ தோசை மாவிலோ மணத்துக்காகச் சேர்ப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், அதற்குக் குறையில்லை.

பொட்டலத்திலும் பறித்த தேதி கிடையாது. நேற்று மிஞ்சிய சரக்கை இன்றைய சரக்கோடு கலப்பதில்லை என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். நான் நம்புகிறேன், ஆனாலும் ஒரு முத்திரைக் கட்டையில் தேதியைக் குத்திவிட்டால் நம்பிக்கைக்கு வேலையே இருக்காது. இதயப் படம் அச்சிடும் செலவில் அதைச் செய்துவிடலாம். மற்றபடி, சில்லறைக்கு முகம் சுளிக்காத, கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் கடை.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்கும் அப்படியே. பச்சையாக யாரும் உண்ண வேண்டாம், நன்றாக வேகவைத்த காளானே வயிற்றுக்கு இதம். சமைக்கும் முன் செதில் மேல்நோக்கி இருக்கும்படி முறத்தில் பரப்பி உச்சி வெயிலில் சிறிது நேரம் வைத்தால், காளானிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும்; இந்த ஊரில் அதற்கு வெயிலைத் தேட வேண்டியதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: புரட்டாசியில் கறி தவிர்க்கும் வீடுகள் எல்லாம் காளானுக்குத் திரும்புவதால், அந்த மாதத்தில் முந்தின நாளே சொல்லிவைக்காவிட்டால் பொட்டலம் கிடைக்காது. பங்குனி, சித்திரை வெயிலில் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்தாலும் சிப்பிக்காளான் வரத்துப் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. அந்த மாதங்களில் பால்காளானை வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டகையில் அப்போது அதுதான் செழித்து வருகிறது, விலையும் ஏறுவதில்லை.